ரூபியின் கழுத்துப்பட்டை

நவீன்,

அன்று நான் சொல்லாமல் விட்டது நான்கு சொற்கள். கம்பியை முதலில் விட்டுப் பார். ஆனேக்கல் நிலத்தில், மாமரத்துக்குக் கீழே, நீ உன் அப்பாவின் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து அதன் வாயில் வெடிமருந்தைக் கொட்டத் தொடங்கியபோது நான் உன்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றிருந்தேன். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அந்தக் குழாய்க்குள் ஏற்கெனவே மருந்தும் குண்டும் இருக்கலாம் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்குத் தெரியாது. உன் நண்பன் கிரணுக்குத் தெரியாது, அவன் கைபேசியில் படம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தான். எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்த மூன்று வாரத்தில் உனக்குச் சோறு போட்டேன், உன் சட்டையை இஸ்திரி போட்டேன், வாசலில் நின்று உன்னை வேலைக்கு அனுப்பினேன். ஒருமுறைகூட வாயைத் திறக்க முடியவில்லை. நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் எழுந்து போவாய், இல்லையென்றால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு அப்பாவின் திதி. அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

நீ அந்தத் துப்பாக்கிக்காக எப்படித் தயாரானாய் என்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன். மனு கொடுத்தாய், அலைந்தாய், லைசென்ஸை உன் பேருக்கு மாற்றினாய். வாரிசுகளில் ஒருத்தியாக நானும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. ஆட்சேபணை இருந்தது. கையெழுத்துப் போட்ட பேனாவை அப்புறம் நான் தொடவில்லை. பிறகு ஒரு மாதம் நீ படித்தாய். தாடி வைத்த வெளிநாட்டுக்காரர்கள், சுத்தமான புல்தரையில் நின்றுகொண்டு, இந்த மாதிரித் துப்பாக்கியை மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிப்பது எப்படி என்று சொல்லித் தரும் வீடியோக்களைச் சாப்பிடும்போதுகூடப் பார்த்தாய். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான ஒரு கையேட்டை இறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்தாய். ஒரு நாள் நம் மர்பி டவுன் வீட்டு மேசையில் துடைப்பக் குச்சியையும் பிவிசி குழாயையும் வைத்து எனக்கே பாடம் நடத்தினாய். "ரொம்ப சிம்பிள் சித்தி. இதுக்கு தோட்டா கிடையாது. வாய் வழியா மருந்து, மேல துணி, அதுக்கு மேல குண்டு, மறுபடி துணி. ஒவ்வொண்ணையும் கம்பியால இடிச்சு இறக்கணும். பின்னாடி இந்தக் காம்புல ஒரு சின்ன கேப் மாட்டணும். குதிரைய இழுத்தா கேப் மேல அடிக்கும், நெருப்பு உள்ளே போகும். அவ்ளோதான்." நான் தலையாட்டினேன். முதல்முறையாகக் கேட்கிறவள் போல, அந்தக் கம்பி எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்றுகூடக் கேட்டேன். எனக்கு அது தெரியும் நவீன். உன் அப்பாவின் கம்பியில் இரண்டு வெட்டு இருக்கும். குழாய் காலியாக இருந்தால் மேல் வெட்டுவரை இறங்கும். உள்ளே ஏதாவது இருந்தால் கீழ் வெட்டோடு நின்றுவிடும். அந்த வெட்டுகளை அவர் அரத்தால் போட்டபோது கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

நீ வேலைக்குப் போன பிறகு அந்தக் கையேட்டை எடுத்துப் படித்தேன். எதையாவது படிக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது என்பது உனக்குத் தெரியும். முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில், முதல் வரியே அதுதான்: கையில் எடுக்கும் துப்பாக்கி எதுவானாலும் அது கெட்டித்திருக்கிறது என்றே வைத்துக்கொள், கம்பியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். நீ ஐந்தாம் பக்கத்திலிருந்துதான் மஞ்சள் கோடு போட்டிருந்தாய். முதல் பக்கம் புதிது போல மடிப்பில்லாமல் இருந்தது. அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்தை மேலாகத் தெரியும்படி திருப்பி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அது போதும் என்று என்னை நானே நம்பவைத்தேன்.

இனி பதினோரு வருஷம் பின்னால் போக வேண்டும். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று, உனக்கு ஒன்பது. உன் அம்மா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் வந்த இரண்டாவது வருஷம், உனக்குப் பதினொன்று. ஆனேக்கல் பக்கம் இருந்த அந்த ஒன்றரை ஏக்கரில் கேழ்வரகு போட்டிருந்தோம். பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும். உன் தாத்தா காலத்திலிருந்து பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸோடு இருந்த துப்பாக்கி அது. உன் அப்பா சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். நீ பள்ளி இல்லாத நாட்களில் கூட வருவாய். வந்ததும் பம்புக் கொட்டகைப் பக்கம் ஓடுவாய், ரூபி அங்கே இருக்கும். பழுப்பு நிற நாய், ஒரு காது மடங்கியது. அதற்கு ஒரு சிவப்புத் தோல் பட்டை வேண்டும் என்று அடம்பிடித்து, சிவாஜி நகரில் கடை கடையாக ஏறி வாங்கினாய்.

அந்த நாட்களில் துப்பாக்கி கெட்டிப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பன்னிரண்டு வயது மூத்த ஒரு மனிதர், எதற்கும் என்னைப் புகழாதவர், அதற்கு மட்டும் புகழ்வார். "கை நடுங்கறதே இல்ல பாரு உனக்கு" என்பார். நான் மருந்தை ஊற்றி, துணி வைத்து, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, கம்பியின் வெட்டைப் பார்த்து, சரி என்பேன். அவர் கேப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரப்புக்குப் போவார். சுட்ட பிறகு குழாயைக் கழுவ வேண்டும். அதற்கு வெந்நீர் வேண்டும். நான் சாம்பார் வைக்கும் பாத்திரத்தில்தான் வெந்நீர் வைப்பார். குழாயிலிருந்து கறுப்பாக ஒழுகும் தண்ணீர் அழுகிய முட்டை போல நாறும். அதே பாத்திரத்தைத் தேய்த்து மறுநாள் அதில் சமைப்பேன். துடைத்த பிறகு நான் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவுவார். அப்போது எனக்கு அதெல்லாம் குடும்பம் நடத்துவதாகத் தெரிந்தது.

இந்தத் துப்பாக்கியின் ஒரு குணத்தை எந்த வீடியோவும் உனக்கு அழுத்திச் சொல்லியிருக்காது. உள்ளே போட்டதைச் சுலபமாக வெளியே எடுக்க முடியாது. சுட்டுத்தான் காலி பண்ண வேண்டும், இல்லையென்றால் திருகுமுனை உள்ள கம்பியை விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். அது தெரிந்தவன் செய்கிற வேலை. பன்றி வராத நாளில் காலையில் உன் அப்பா வரப்பு மண்ணைப் பார்த்துச் சுட்டுவிட்டு வருவார். வரும்போதெல்லாம் மருந்து வீண் என்று முணுமுணுப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு மறுநாள் பரீட்சை. ஸ்ரீராம்புரத்தில் உன் அத்தை வீட்டில் விட்டிருந்தோம். பன்றி வரவில்லை. விடிந்து வெயில் வந்துவிட்டது. நான் கட்டிக் கொண்டுபோன இட்லியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நிலத்து நாகண்ணா அதற்கு முந்தின வாரம் வந்து, உங்கள் நாய் என் கோழியைப் பிடித்துவிட்டது என்று கன்னடத்தில் கத்திவிட்டுப் போயிருந்தார். அன்று காலை வெடிச் சத்தம் கேட்டது. வழக்கம் போல வரப்பு மண்தான் என்று நினைத்தேன். பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. அது துப்பாக்கிச் சத்தம் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் போனேன். ரூபி உடனே சாகவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் எழுதப்போவதில்லை. அதன் வாலில் மட்டும் ஒன்றும் ஆகவில்லை, என்னைப் பார்த்து அது ஆடியது. உன் அப்பா அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது. என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"எப்படியும் காலி பண்ணணும். நாகண்ணா தொல்லையும் போச்சு. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுது."

பட்டையைக் கழற்றிக் கொடுத்து, கழுவி வை என்றார். குழி வெட்டினார், நானும் மண் தள்ளினேன். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து இட்லி சாப்பிட்டார். சோப்பு இல்லை, தண்ணீரில்தான் கழுவினார். சட்னி தொட்ட விரலில் அந்த அழுகிய முட்டை வாடை இருந்திருக்கும். நான்கு சாப்பிட்டார். ஐந்தாவதை எனக்கு ஊட்ட வந்தார். அதன்பின் ஒன்பது வருஷம் அவரோடு வாழ்ந்தேன். அவர் கெட்டவர் இல்லை. என் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது பதினாறு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தார். உனக்குக் காய்ச்சல் என்றால் அவர் சாப்பிட மாட்டார். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த ஐந்தாவது இட்லி என் வாய்க்கு அருகில் வந்ததும் உண்மை, அதற்குப் பிறகு அவர் கையால் எதையும் நான் வாங்கிச் சாப்பிட்டதில்லை. நீ அதைக் கவனித்திருக்கமாட்டாய். அவர் கவனித்தார்.

அவரைச் சொல்லிவிட்டேன், என்னையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அந்தத் துப்பாக்கியைக் கெட்டித்தது நான். ரூபி அப்போது என் காலடியில் படுத்திருந்தது. கம்பி இடிக்கும் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அன்று மாலை அத்தை உன்னைக் கொண்டுவந்து விட்டாள். அப்பா பட்டையை உன் கையில் கொடுத்து, "சிறுத்தை தூக்கிட்டுப் போயிடுச்சுடா, இதுதான் கிடைச்சுது" என்றார். பன்னேர்கட்டா காட்டிலிருந்து சிறுத்தை வருவதாக அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் அது நம்பும்படி இருந்தது. பட்டையில் பக்கிளுக்கு அருகில் இருந்த ஓட்டையில் நீ விரலை விட்டுப் பார்த்தாய். "இது பல்லாப்பா?" என்றாய். அவர் ஆமாம் என்றார். பிறகு நீ என்னைப் பார்த்தாய். அவர் சொன்னதை நம்பலாமா என்று கேட்பது போலத்தான் இருந்தது உன் பார்வை. "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றேன். நான் உனக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. என்னைச் சித்தி என்று கூப்பிடவே அப்போதுதான் பழகியிருந்தாய். நீ நம்பி நிற்க உனக்கு இருந்தது அவர் ஒருவர்தான், அதை நான் உடைக்கக் கூடாது என்று நினைத்தேன். இது பாதிதான் உண்மை. கெட்டித்தது யார் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம் மீதிப் பாதி.

அன்றிரவு அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன், இனிமேல் உயிருள்ள எதன் மேலும் அதைக் காலி பண்ணக் கூடாது என்று. அவருக்குக் கோபம் வந்தது. அப்படியானால் அது அப்படியே இருக்கட்டும் என்றார். மண்ணில் சுட்டு மருந்தை வீணாக்கவும் மாட்டேன், உன்னிடம் பேச்சு வாங்கவும் மாட்டேன் என்று, அன்று முதல் பன்றி வராத நாளெல்லாம் கேப்பை மட்டும் கழற்றிவிட்டு, குழாய்க்குள் மருந்தோடு அதைக் கொட்டகையில் உயரமான ஆணியில் மாட்டிவிடுவார். வீம்புக்காகச் செய்தது. ஒன்பது வருஷம் அந்த வீம்பு நிலைத்தது. நான் அதன்பின் கெட்டித்துத் தரவில்லை, அவரே கெட்டித்துக்கொண்டார். பிறகு அவர் நெஞ்சு வலியில் போனார். துப்பாக்கியை உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். அங்கே எண்ணெய் தடவி, அட்டை கட்டி ஒரு மூலையில் வைத்தார்கள். யாரும் கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கவில்லை. அது உள்ளே எப்படி இருந்ததோ அப்படியே உன் கைக்கு வந்தது.

இப்போது மாமரத்தடிக்கு வருகிறேன். நீ மருந்தை ஊற்றினாய். துணியை வைத்தாய். உன் புது ஈயக் குண்டுகளைப் போட்டாய். கம்பியை இறக்கினாய், அது பாதியில் நின்றது. கிரண்தான் முதலில் பார்த்தான்.

"மச்சா, கம்பி ஏன் இவ்ளோ வெளிய நிக்குது? வீடியோல முழுசா உள்ள போச்சே."

"அது வேற மாடல்டா. இது நம்ம அப்பா மாடல்."

அவன் சிரித்தான், நீயும் சிரித்தாய். கறுப்பான கையை உன் பேன்ட்டின் பின்பக்கம் இரண்டு முறை தேய்த்தாய், அவர் தேய்ப்பது போலவே. மருந்தின் வாடை என்மேல் வந்தது. நான் வாயைத் திறந்தேன், சொல்லத்தான் திறந்தேன். வாந்திதான் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். எங்கே நின்று வாந்தி எடுத்தேன் என்று பிறகுதான் பார்த்தேன், அங்கேதான் ரூபியைப் புதைத்திருந்தோம். அதற்குள் 'டப்' என்று கேப் வெடிக்கும் சத்தம் கேட்டது. அது மட்டும்தான். மறுபடி ஒன்று. மூன்றாவதற்கு நான் ஓடிவந்தேன். "கீழ வை. வாய அந்தப் பக்கம் திருப்பி வை" என்றேன். என் குரலில் நீ பயந்துவிட்டாய். சித்தி துப்பாக்கி என்றால் நடுங்குவாள் என்று கிரணிடம் சொன்னாய். அப்படியே நினைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

துப்பாக்கிக் கடைக்காரர் அதைத் தோண்டியபோது நானும் கூட வந்தேன், உனக்கு நினைவிருக்கும். திருகு முனையில் முதலில் உன் துணி வந்தது, உன் குண்டுகள், உன் மருந்து. அதோடு முடிந்தது என்று நீ எழுந்தாய். அவர் உட்காரச் சொன்னார். அடுத்து ஒரு காகிதம் சுருண்டு வந்தது, தினசரிக் காலண்டர் தாள், அப்பா இறந்த வருஷத்து ஆடி மாதம். அதற்குக் கீழே ஏழு குண்டுகள். அதற்கும் கீழே கல் போல இறுகிய மருந்து. "ஒரே வயித்துல ரெண்டு சாப்பாடு, தம்பி" என்றார் அவர். காம்பின் துளையில் பழைய எண்ணெய் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்ததால்தான் நெருப்பு உள்ளே போகவில்லை, போயிருந்தால் குழாய் உன் இடது கையோடு சேர்ந்து பிளந்திருக்கும் என்றார். வீட்டில் யாராவது கம்பியை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். "எங்க வீட்ல யாருக்கும் இதெல்லாம் தெரியாது பாய்" என்றாய் நீ. நான் அந்தக் கடையின் சுவரில் மாட்டியிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் இன்னும் பேசாமலேயே இருந்திருப்பேன். நீ அந்த ஏழு குண்டுகளைத் துடைத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, அப்பா படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாய். குப்பிக்குக் குங்குமம் வேறு இட்டாய். "அப்பா கடைசியா கெட்டிச்சது சித்தி. திதி அன்னிக்கு நிலத்துல இதையே போட்டு வானத்தப் பாத்து ஒரு ஷாட். அவருக்கு மரியாதை மாதிரி" என்றாய். தினமும் காலையில் அந்த விளக்கை ஏற்றுவது நான். தினமும் அந்தக் குப்பியைத் தள்ளி வைத்துவிட்டுத் திரி போடுகிறேன். தொட்ட விரலைக் கழுவாமல் என்னால் அடுப்படிக்குப் போக முடிவதில்லை. ரூபியைச் சுட்டபோது எடுத்த அதே பையிலிருந்து எடுத்த அதே குண்டுகள், நவீன். நீ அவற்றுக்குப் பொட்டு வைத்திருக்கிறாய்.

நான் அருவருப்பது அந்தத் துப்பாக்கியை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கேழ்வரகைக் காக்க ஒருவன் துப்பாக்கி வைத்திருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு உயிரைச் சுட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொன்ன வாயையும், அதைக் கேட்டுக்கொண்டு பட்டையை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிய என் கையையும்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த அருவருப்பில் உன் இடது கை போயிருக்கும். உன் உயிர்கூடப் போயிருக்கலாம். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ரூபிக்காகவும் கேட்கிறேன். அப்பாவுக்காக என்னால் கேட்க முடியாது.

இதை ஒரு சித்தி, செத்துப்போன மனிதரைப் பற்றி, அவர் பதில் சொல்ல முடியாத நேரத்தில் சொல்கிறாள் என்று உனக்குத் தோன்றலாம். தோன்றட்டும். கிரண் வந்தபோதுகூட அந்தப் பட்டையை எடுத்துச் சிறுத்தைப் பல் என்று காட்டினாய். அது உன் அலமாரியில் இருக்கிறது. குப்பி படத்துக்கு முன்னால் இருக்கிறது. அந்தக் குண்டு பட்டையின் ஓட்டைக்குப் பொருந்துகிறதா என்று நான் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை, எனக்குத் தேவையில்லை. துப்பாக்கியை என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். லைசென்ஸ் உன் பேரில் இருக்கிறது. எதைச் செய்தாலும், கையில் எடுக்கும்போது முதலில் கம்பியை விட்டுப் பார்.

சித்தி

பிறகு சேர்த்தது: இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை உன் மேசையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திதி கொடுத்துவிட்டு ஆனேக்கல் போனோம், துப்பாக்கியை நீ எடுத்து வரவில்லை. திங்கட்கிழமை காலை விளக்கேற்றப் போனேன். குப்பியில் ஆறு குண்டுகள் இருந்தன. ஏழாவது உன் மேசையில், பட்டையின் ஓட்டைக்குள் இருந்தது. பட்டையைத் தூக்கிப் பார்த்தேன். குண்டு விழவில்லை.